பெயரைச் செப்பனிடுவோர்

கடன் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கிய பொருளும் கடன். நாம் ஆற்ற வேண்டிய கடமையும் கடன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர், வாங்கியதைத் திருப்பித் தருவதை ஒரு கணக்கு வேலையாக மட்டும் கருதவில்லை என்பது தெளிவு. தந்தவர், வாங்கியவர் என இருவருக்கு இடையே நின்ற உறவு அது. இன்று அந்த இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்து அமர்ந்திருக்கிறார். அவர் பணம் தருவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறார், அவ்வளவே. ஆனால் அவர் எழுதி வைப்பதைப் பொறுத்தே பலருடைய வீடும் படகும் பிள்ளைகளின் படிப்பும் அமைகின்றன.

எழுதி வைப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். நிலமும் வரியும் அடைமானமும் கடனும் அவற்றில் பதிவாகியுள்ளன. மனிதர்களை அடிமைகளாக விற்ற ஓலைகளும் அவற்றுள் உள்ளன. எழுத்து மனிதனைக் கட்டி வைக்கும் வல்லமை உடையது என்பதற்கு அவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் பழைய எழுத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. கடனை அடைத்த அன்றே பத்திரத்தைக் கையோடு வாங்கி, கொடுத்தவர் கண்முன்னே கிழித்துப் போடலாம். கிழித்த தாளோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடும். இன்றைய எழுத்தை அப்படிக் கிழிக்க முடியாது.

இந்திய நாட்டில் இப்பணிக்கென முதல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மக்கள் நாவில் 'சிபில்' என்று வழங்குவது அதுவே. 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதன்கீழ் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நாம் தவணை கட்டிய நாளையும் கட்டத் தவறிய நாளையும் இவற்றுக்கு அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது. இந்தத் தகவல்கள் குறைந்தது 7 ஆண்டுகள் பேணப்பட வேண்டும் என்பது விதி. மகளிர் குழு வழியாக வாங்கிய சிறு கடனும் இதில் ஏறும்; பிறர் கடனுக்கு நாம் இட்ட பிணைக் கையெழுத்தும் ஏறும்.

எங்கே கட்டு இருக்கிறதோ அங்கே கட்டவிழ்ப்பதாகச் சொல்பவரும் தோன்றுவர். 'சிபில் சரி செய்து தரப்படும்' என்னும் விளம்பரத்தைப் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் இன்று காணலாம். கைப்பேசியிலும் அழைப்பு வருகிறது. இத்தனை நாளில் இத்தனை மதிப்பெண் கூட்டித் தருவோம் என்று உறுதி கூறுகிறார்கள். இவர்களுள் யாரை நம்பலாம், யாரை நம்பலாகாது என்பது நம் பங்கு மக்களில் பலருக்கு இன்று வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இல்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் விண்ணப்பம் நிரப்பித் தருவது சில ஆண்டுகளாக என் வழக்கம். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, மீனவர் நல வாரியம் என்று வந்துகொண்டிருந்த தாள்களுக்கு இடையே அண்மைக் காலமாகக் கடன் அறிக்கைகளும் வரத் தொடங்கின. ஒரே மாதத்தில் வந்த இருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். பெயரும் ஊரும் வேண்டியதில்லை.

முதலாமவர் ஆழ்கடல் தொழிலுக்குச் செல்பவர். இயந்திரம் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 2014இல் கடன் பெற்றவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது நம் கடற்கரை ஊர்கள் எத்தனை பேரை இழந்தன என்பதை நாம் மறக்கவில்லை. அவர் உயிரோடு கரை சேர்ந்தார். ஆனால் பல மாதம் தொழில் இல்லை. தவணை தவறியது. எனினும் 2019இல் வட்டியும் முதலுமாக அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் பெற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தை ஒரு நெகிழி உறையில் இட்டு, ஞானஸ்நானச் சான்றுகளோடு சேர்த்துப் பாதுகாத்து வந்தார்.

அவருடைய மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, "அப்பா பெயரில் பழைய பாக்கி ஒன்று காட்டுகிறதே" என்றார் மேலாளர். அடைத்து முடித்த கடன் அறிக்கையில் இன்னும் அடைபடாமலே நின்றது. அன்று மாலையே ஒரு முகவர் அவரைப் பிடித்துக்கொண்டார். 15,000 ரூபாய் தந்தால் 15 நாளில் சரியாகிவிடும். பாதிப் பணம் முன்னதாகத் தர வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. கல்லூரியில் பணம் கட்ட இருந்தது மூன்று வாரம்.

"சாரே, பதினஞ்சாயிரம் போனா போவட்டு. பிள்ளைக்க சீட்டு போயிரப்பிடாது" என்றார் அவர். அந்தச் சொல்லுக்கு எதிராக விதிகளைப் பேசுவது எளிதன்று.

ஆயினும் அவருக்கு வேண்டியிருந்தது முகவர் அல்லர். அவர் கையிலிருந்த கடிதம் போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்வதே. 2017 முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அவருடைய மகளே கைப்பேசியில் அதை எடுத்தாள். அறிக்கையில் பிழை இருந்தால் அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே முறையீடு செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை. முறையீட்டைப் பதிவு செய்தோம். நிதி நிறுவனத்திற்குக் கடிதத்தின் நகலோடு பதிவஞ்சல் அனுப்பினோம். முறையீடு வந்த 30 நாளுக்குள் திருத்தம் முடிய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதையும் கடிதத்தில் மரியாதையோடு குறிப்பிட்டோம்.

திருத்தம் 26ஆம் நாள் வந்தது. ஆனால் கல்லூரியின் நாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் தவணைக் கட்டணத்திற்காக அந்தத் தாய் தன் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தார். கடன் பின்னர் கிடைத்தது, நகையும் மீண்டது. யாரோ ஓர் எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்ற மறந்ததற்கு, அந்த வீட்டில் எவ்வளவு தூக்கம் போயிற்று என்பதற்கு எந்த அறிக்கையிலும் இடம் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று கூறியது. மதிப்பெண்ணுக்கு அப்பால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் நிற்கிறது என்பதை நீதிமன்றம் கண்டது. நாமும் காண வேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு கைம்பெண். அவருடைய நிலை வேறு. மூன்று சிறுகடன் நிறுவனங்களில் அவர் கடன் வாங்கியிருந்தார். ஒன்று நாத்தனாரின் மருத்துவத்திற்காக. மூன்றிலும் தவணை நின்றுவிட்டது. அறிக்கையில் இருந்தது பிழை அன்று, உண்மை. அவரிடமும் ஒரு முகவர் பேசியிருந்தார். 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கியிருந்தார். 20 நாளில் 750க்கு மேல் கொண்டுவருவதாகச் சொன்ன அந்த மனிதரின் கைப்பேசி, பணம் போன மறுவாரம் முதல் அணைந்தே கிடந்தது.

உண்மையை அழிக்க யாராலும் இயலாது என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அப்படின்னா எனக்கு வழியே இல்லியா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபமும் இருந்தது. பொய்யாகவேனும் வழி உண்டு என்று சொன்னவர் அந்த முகவர். உண்மையைச் சொல்லி வழியை அடைத்தவன் நான். அந்த நேரத்தில் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வழி இருந்தது, அது நீண்ட வழி. அவருடைய அன்பியத்துப் பெண்கள் இருவர் உடன் சென்று அந்த நிறுவனங்களின் கிளைகளில் பேசினர். மிகச் சிறிய கடனை முதலில் எடுத்துக்கொண்டு, தவணையைக் குறைத்து, 14 மாதத்தில் அடைத்து முடித்தார். மற்ற இரண்டும் இன்னும் நடக்கின்றன. ஒரு நிறுவனம், பாதியைக் கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்றது. கேட்பதற்கு இனிமையான சொல் அது. ஆனால் அப்படி முடித்தால் அறிக்கையில் 'அடைக்கப்பட்டது' என்று எழுதப்படாமல் 'சமரசமாக முடிக்கப்பட்டது' என்றே எழுதப்படும். அடுத்துக் கடன் தருவோர் அதைக் குறையாகவே கொள்வர். வேறு வழியற்றவருக்கு அதுவும் ஓர் ஆறுதலே. எனினும் அதன் பொருள் தெரிந்து கையெழுத்திட வேண்டும். இதைச் சொல்லாமல், சமரசம் பேசித் தருகிறேன் என்று கூலி வாங்குவோர் உண்டு.

இந்த இருவரையும் ஒருசேர எண்ணும்போது ஒன்று விளங்குகிறது. பெயரின்மேல் விழும் கறை இரு வகை. பிறர் தவற்றால் விழுந்த பொய்க்கறை ஒன்று. அதைத் துடைக்கச் சட்டம் இலவசமாகவே வழி தருகிறது. நம் இயலாமையால் விழுந்த மெய்க்கறை மற்றொன்று. அதைக் காலமும் உழைப்பும் ஒழுங்கான தவணையும் அன்றி வேறெதுவும் துடைக்காது. முதலாவதற்குப் பணம் தேவையில்லை. இரண்டாவதற்குப் பணம் தந்தாலும் பயனில்லை. அப்படியாயின் இடையே நிற்பவர் எதை விற்கிறார்?

சிலர் நேர்மையான உதவியை விற்கிறார்கள் என்பதை மறுக்கலாகாது. எழுத்தறியாதவருக்கு மனு எழுதித் தருவதும், நான்கு அலுவலகம் ஏறி இறங்குவதும் உழைப்பே. அதற்குக் கூலி பெறுவது பாவமாகாது. ஆனால் அவரை அடையாளம் காண வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் ரிசர்வ் வங்கி, இந்தச் செப்பனிடும் கடைகளுக்கு அப்படி உரிமம் தருவதில்லை. ஆகவே 'ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்றது' என்று ஒருவர் சுவரில் எழுதியிருந்தால் அந்த எழுத்தே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தொழில் முற்றி வளர்ந்த அமெரிக்க நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். வாக்களித்த வேலையை முடிக்கும் முன் பணம் வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்திட்ட மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். பொய்யான தகவலை எழுதும்படி தூண்டக் கூடாது என்பன அதன் சாரம். தொலைபேசி வழியே ஆள் பிடிப்போருக்கு விதி இன்னும் கடுமையானது. பலன் கிடைத்து ஆறு மாதம் கழிந்த பின்னரும் அது நிலைத்திருப்பதைக் காட்டினால்தான் பணம் கேட்கலாம். இதை மீறியதற்காக அந்நாட்டின் மிகப் பெரிய இரு நிறுவனங்களான லெக்சிங்டன் லா, கிரெடிட் ரிப்பேர் டாட் காம் ஆகியவற்றுக்கு எதிராக 2023 ஆகஸ்டில் சுமார் 270 கோடி டாலருக்குத் தீர்ப்பாணை வந்தது. அங்கேயே அப்படியென்றால், காவலற்ற நம் ஊரில் நாமே நமக்குக் காவல்.

எனவே ஒருவரிடம் போகுமுன் சில கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். இதை நீங்களே இலவசமாகச் செய்யலாம் என்று அவர் முதலில் சொன்னாரா? அறிக்கையைப் பார்க்குமுன்னே இத்தனை நாளில் இத்தனை மதிப்பெண் என்று வாக்குத் தந்தாரா? முன்பணம் கேட்கிறாரா? வாங்கும் பணத்திற்கு முகவரியோடு ரசீது தருகிறாரா? கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கேட்கிறாரா? இந்தக் கடன் என்னுடையதே அன்று என்று பொய்யாக எழுதச் சொல்கிறாரா? முதல் கேள்விக்கும் ரசீதுக்கும் 'ஆம்' என்றும், ஏனையவற்றுக்கு 'இல்லை' என்றும் விடை வந்தால் அவரிடம் மேற்கொண்டு பேசலாம். ஓ.டி.பி.யைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. அதைக்கொண்டு நம் பெயரிலேயே புதுக்கடன் எடுக்கவும் முடியும்.

முறையிட்டும் 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் நியாயமற்றதாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் அதிகாரத்தின்கீழ் வந்துள்ளன. அதற்கும் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

இவ்வளவு வழிகள் இலவசமாகத் திறந்திருக்க, நம் மக்கள் ஏன் முகவரிடம் போகிறார்கள்? அறியாமை ஒரு காரணம். ஆனால் அதைவிட ஆழமான காரணம் வெட்கம் என்றே நான் கருதுகிறேன். நம் ஊர்களில் கடன் வாங்குவது வெட்கமன்று. கட்ட முடியாமற்போவதே வெட்கம். மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் கடனைச் சுமக்கிறார்கள். திருவிழா வரி எழுதும் நாளில் தலை குனியாமலிருக்க மேலும் ஒரு கடன் வாங்குகிறார்கள். முகவர் அயலூர்க்காரர், நம்மை அறியாதவர், அவர் கேலி பேசமாட்டார். அவர் விற்பது மதிப்பெண்ணை அன்று. யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்ளலாம் என்னும் ஆறுதலை. அந்த ஆறுதலை நாம் தராததால்தான் மக்கள் அதை விலைக்கு வாங்குகிறார்கள்.

நற்செய்தியில் வரும் ஒரு வீட்டுப் பொறுப்பாளரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலை போகப்போகிறது என்று அறிந்ததும் தலைவனின் கடனாளிகளை ஒவ்வொருவராக அழைத்து, நூறு என்றிருந்த எண்ணெய்க் கணக்கை ஐம்பதாக எழுதச் சொன்னவர் அவர். அவருடைய முன்மதியை ஆண்டவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவரை நேர்மையற்றவர் என்றே நற்செய்தி குறிக்கிறது. முன்மதியைக் கற்றுக்கொள்ளலாம், கணக்கை மாற்றி எழுதுவதை அன்று.

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு வேறொரு விடையும் உண்டு. 1462இல் இத்தாலியின் பெரூஜியா நகரில், கொடுவட்டிக்கு ஆளான ஏழைகளுக்காகப் பிரான்சிஸ்கன் சபையார் ஊக்கத்தால் ஓர் அறக் கடன் நிலையம் எழுந்தது. அடகு பெற்றுக்கொண்டு, நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கிக் கடன் தந்தார்கள். அதுவும் வட்டியல்லவா என்று எழுந்த வாதத்தை 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் தீர்த்து, அத்தகைய நிலையங்களை ஏற்றுக்கொண்டது. நம் குமரிக் கடற்கரையிலும் அதே சிந்தனை வேறு உருவில் வந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவர் சொன்ன விலைக்கே மீனைத் தர வேண்டியிருந்த காலம் உண்டு. மீனவர் சங்கங்கள் கரையில் ஏலம் நடத்தி, விற்ற தொகையில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு சிறு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்ட முறை, பலரை அந்தப் பிடியிலிருந்து மீட்டது. மீன் வந்த நாளில் பிடித்தம். வராத நாளில் இல்லை. கடலை அறிந்தவர்கள் வகுத்த தவணை அது.

இன்று பெரிய நிதியம் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மேசை, இரு நாற்காலி, கணினி தெரிந்த ஓர் இளைஞர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் போதும். ஒவ்வொரு பங்கிலும் இவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றும் வேண்டும்: கேட்டதை வெளியே சொல்லாத நாவு. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரகசியத்தை நாம் மதிக்கிறோம். ஒரு சகோதரியின் கடன் அறிக்கைக்கும் அதில் ஒரு பங்கேனும் மதிப்புத் தர நமக்குத் தெரிய வேண்டும். அது இல்லாமல் மேசை போட்டால் வேப்பமரத்து இலைதான் வந்து விழும், மனிதர் வரமாட்டார்.

புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில், ஓடிப்போன ஒனேசிமுக்காகப் பரிந்து பேசும் இடம் ஒன்று உண்டு. அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் சேர்க்கும்படி கேட்டு, தம் கைப்படவே எழுதுகிறார் அவர். கணக்கை அழித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அதை மாற்றி எழுதவும் சொல்லவில்லை. கணக்கு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த மனிதன் அதன்முன் தனியாக நிற்க வேண்டாம் என்கிறார். ஒருவனுடைய பெயரைச் செப்பனிட இதைவிட நம்பத்தக்க வழி ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.